சோடா என்றால் எந்தச் சோடா?
(கேளா ஒலித் தொட்டியில் இன்ஜின் பாகங்களைக் கழுவுவது பற்றி ஒரு தொழில் பாடம்)

நம் இதழைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் மளிகைக் கடைக்காரர்கள். மோட்டார் சைக்கிள் பாகங்களை எப்படிக் கழுவுவது என்பதைப் பற்றி அவர்களுக்கு எதற்குப் பாடம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் உங்கள் கடைக்கு எதிரிலோ பக்கத்திலோ ஒரு டூவீலர் பட்டறை கட்டாயம் இருக்கும். அந்தப் பட்டறைக்காரர் சோப்புத் தூள் வாங்குவதும், சோடா வாங்குவதும், கை கழுவப் பார் சோப்பு வாங்குவதும் நம்மிடம்தான். அவர் நம்மிடம் வாங்கிய சரக்கை எதில் போடுகிறார் என்று நாம் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காததற்கு ஒரு கார்புரேட்டர் விலை கொடுத்தேன். அந்தக் கதையையும், அதற்குப் பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி என் தம்பி மகன் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறான். முன்பெல்லாம் ஒரு பழைய தகர டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்துத்தான் பாகங்களைக் கழுவுவான். ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலம் போய்விட்டது. பெட்ரோலில் கழுவினால் கையும் எரிகிறது, காசும் கரைகிறது. ஆகவே அவன் அல்ட்ராசோனிக் கிளீனர் ஒன்றை வாங்கினான். பத்து லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் தொட்டி. அடியில் சூடாக்கும் ஹீட்டர், பக்கத்தில் நேரம் வைக்கும் பொத்தான். தண்ணீரை ஊற்றி, பாகங்களைக் கூடையில் வைத்து இறக்கிப் பொத்தானை அழுத்தினால் 'கிர்' என்று வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரு சத்தம். பதினைந்து நிமிடத்தில், பிரஷ் நுழையாத சந்துபொந்தில் இருந்த அழுக்கெல்லாம் கருப்பு மேகம்போலக் கிளம்பும். முதல் வாரம் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

ஒருநாள் மாலை, கடையில் நல்ல கூட்டம். அவன் வந்து, "பெரியப்பா, சோடா அரைக் கிலோ போடுங்க. அழுக்கு நல்லா விடணும்" என்றான். அழுக்கு நன்றாக விட வேண்டும் என்றதும், அடைத்த குழாய்க்கு வாங்குகிறவர்களுக்கும் சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்கும் நான் விற்கும் காஸ்டிக் சோடா மூட்டையில் கை போனது. நிறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தேன். அவன் அதில் இரண்டு கைப்பிடியை வெந்நீரில் போட்டுக் கரைத்து, பால்காரர் ஒருவரின் பழைய 100 சி.சி. வண்டிக் கார்புரேட்டரைக் கூடையில் வைத்து இறக்கி, இருபது நிமிடம் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டான்.

திரும்பி வந்து பார்த்தால் தொட்டி பொங்கிக்கொண்டிருக்கிறது. பட்டறை முழுக்க மூக்கை அரிக்கும் ஆவி. அவனும் பையனும் இருமி இருமி வெளியே வந்தார்கள். வெள்ளையாய் இருந்த கார்புரேட்டர் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. துடைத்துப் பார்த்தால் உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு. ஜெட் மாட்டும் மரையே தேய்ந்து போய்விட்டது. அந்தப் பால்காரர் விடியற்காலை நான்கு மணிக்குக் கேன்களைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர். மறுநாள் ஆட்டோ பிடித்துத்தான் பால் ஊற்றினார். அவர் சண்டை போடவில்லை. "அண்ணாச்சி, உங்க கடைச் சரக்குதானாமே?" என்று மட்டும் கேட்டார். புது கார்புரேட்டருக்குப் பாதி நான் கொடுத்தேன், பாதி அவன் கொடுத்தான். வெறும் கையை யாரும் அந்தத் தண்ணீரில் விடாதது பெரிய புண்ணியம்.

மெஷின் விற்றவரைத்தான் அவன் முதலில் திட்டினான். மெஷின் மேல் ஒரு தவறும் இல்லை. அதற்குள் ஊற்றும் தண்ணீரில் எதைக் கலக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, தொட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

மனிதர் காது நொடிக்குச் சுமார் இருபதாயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. பட்டறைகளில் வைக்கும் தொட்டிகள் பெரும்பாலும் நொடிக்கு நாற்பதாயிரம் அதிர்வில் வேலை செய்கின்றன. தொட்டியின் அடித்தகட்டில் வெளிப்புறமாக, பம்பரம்போல் சில கட்டிகளை ஒட்டியிருப்பார்கள். அவற்றுக்குள் இருப்பது பீசோ எனப்படும் ஒருவகைப் பீங்கான் வில்லை. மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது அது சுருங்கி விரியும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று பிரான்ஸ் நாட்டில் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டார்கள். அதையே தலைகீழாகப் பயன்படுத்துவதுதான் இந்த மெஷின்.

தகடு அதிரும்போது தண்ணீர் ஒரு கணம் இழுபடுகிறது, மறுகணம் அமுங்குகிறது. இழுபடும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் தோன்றுகின்றன. அமுங்கும்போது அவை உடைந்து நொறுங்குகின்றன. நொறுங்கும் இடத்துக்குச் சுற்றியுள்ள தண்ணீர் ஊசிபோலப் பாய்ந்து, பக்கத்தில் இருக்கும் இரும்பின் மேலோ அலுமினியத்தின் மேலோ குத்துகிறது. அந்தக் குத்தில் அழுக்கு பெயர்கிறது. ஒரு குமிழின் பலம் சொற்பம். லட்சக்கணக்கான குமிழ்கள் இடைவிடாமல் குத்துவதால் வேலை நடக்கிறது. தண்ணீர் நுழையும் துளைக்குள்ளெல்லாம் குமிழும் பிறக்கும் என்பதுதான் இதன் சிறப்பு. தலைமுடி அளவு துளை உள்ள பைலட் ஜெட்டுக்குள் எந்தப் பிரஷ்ஷை விட முடியும்?

இந்தக் குமிழ்களை மனிதன் முதலில் சந்தித்தது உபகாரியாக அல்ல. வேகமாகச் சுழலும் கப்பல் விசிறிகளை இவை அரித்துத் தின்றன. அதற்குக் காரணம் தேடித்தான் ஆங்கிலேய விஞ்ஞானி ராலே பிரபு, குமிழ் நொறுங்கும்போது பிறக்கும் அழுத்தத்தை 1917-ல் கணக்கிட்டு எழுதினார். கப்பல் விசிறியைத் தின்றதுதான் இன்று கார்புரேட்டரைக் கழுவுகிறது. ஆகவே அளவுக்கு மீறி விட்டுவைத்தால் மெருகிட்ட அலுமினியத்தையும் தின்னும், காலப்போக்கில் தொட்டியின் அடித்தகட்டையும் தின்னும்.

இப்போது முக்கியமான செய்தி. குமிழ் அழுக்கைப் பெயர்க்கும், அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்காது. பெயர்ந்த எண்ணெய் மறுபடி பாகத்தில் ஒட்டாமல் தண்ணீரோடு பிடித்து வைப்பது சோப்பின் வேலை. கெட்டியான கிரீசை இளக்குவது சூட்டின் வேலை. குமிழ், சூடு, சோப்பு மூன்றும் சேர்ந்தால்தான் பாகம் சுத்தமாகும். வெறும் பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு மெஷின் சரியில்லை என்பவர்கள் உண்டு. மூன்றில் நம் கடையிலிருந்து போவது சோப்பு ஒன்றுதான். அங்கேதான் நாம் வருகிறோம்.

எந்தச் சரக்கு ஆகும், எது ஆகாது?

தமிழ்நாட்டு மளிகைக் கடையில் சோடா என்று கேட்டால் குறைந்தது மூன்று சரக்கு இருக்கிறது. ஆப்ப சோடா, சலவை சோடா, காஸ்டிக் சோடா. கோலி சோடாவைச் சேர்க்கவில்லை! மூன்றும் வெள்ளை, மூன்றும் தண்ணீரில் கரையும். குணத்தில் மூன்றும் வெவ்வேறு.

ஆப்ப சோடா சாது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் சக்தி அதற்கு அநேகமாக இல்லை. தொட்டியில் போட்டால் கெடுதலும் இல்லை, பலனும் இல்லை.

சலவை சோடா காரமுள்ளது. கியர், ஸ்பிராக்கெட், போல்ட், நட்டு போன்ற இரும்புச் சாமான்களுக்குக் கொஞ்சமாகக் கலந்து வெந்நீரில் கழுவலாம், எண்ணெய் நன்றாக விடும். ஆனால் சூடான சோடாத் தண்ணீரில் அலுமினியம் மங்கிக் கறுக்கும். அலுமினியச் சாமானை அதில் போடக் கூடாது.

காஸ்டிக் சோடாவோ அலுமினியத்தைக் கரைத்தே விடும். கரையும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்புகிறது. அது தீப்பற்றக்கூடிய வாயு. என் தம்பி மகன் தொட்டியில் பொங்கியது அதுதான். கரையும் வேகத்தில் தண்ணீர் தானாகவே இன்னும் சூடேறும். இந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் சிலிண்டர் ஹெட், கிராங்க் கேஸ், பிஸ்டன், கிளட்ச் கவர் எல்லாம் அலுமினியக் கலவை. கார்புரேட்டர் உடம்பு அலுமினியக் கலவையாகவோ துத்தநாகக் கலவையாகவோ இருக்கும். துத்தநாகமும் காஸ்டிக் சோடாவைத் தாங்காது. ஆகவே பட்டறைத் தொட்டிக்கு இந்தச் சரக்கு கூடவே கூடாது. கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கு ஆபத்து. தெறித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

காரம் ஆகாது என்றால் புளிப்பு ஆகுமா என்று கேட்கலாம். எலுமிச்சை உப்பு, வினிகர், கழிவறை ஆசிட் ஆகியவை துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும். கழிவறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் எவர்சில்வர் தொட்டியையே பொத்தலாக்கும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும். நம் கடை அலமாரியிலும் இவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்காமல் இருப்பது நல்லது.

துணி துவைக்கும் சோப்புத் தூளில் சலவை சோடா கலந்திருக்கும், நுரையும் அதிகம். அவசரத்துக்கு இரும்புச் சாமானுக்குப் போடலாம், அலுமினியத்துக்கு வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு சாதுவானது. பத்து லிட்டருக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி விட்டால், லேசான எண்ணெய் அழுக்குக்குப் போதும். இதைத்தான் இப்போது என் தம்பி மகன் அன்றாட வேலைக்கு வைத்திருக்கிறான். கனத்த கிரீசுக்கு, கேளா ஒலித் தொட்டிக்கென்றே தயாரித்து விற்கும் திரவங்கள் உண்டு. அலுமினியத்துக்கு உகந்தது என்று புட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கி, அச்சிட்ட அளவுப்படியே கலக்க வேண்டும். இரட்டிப்பாக ஊற்றினால் இரட்டிப்பாக வெளுக்கும் என்று நினைப்பது துணிக்கும் பொருந்தாது, இதற்கும் பொருந்தாது.

அடுத்தது பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய். சிலர் தண்ணீருக்குப் பதிலாக இவற்றையே தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். இது தற்கொலைக்குச் சமம். பெட்ரோல் பனி உறையும் குளிரிலும் தீப்பற்றும் ஆவியை விடுவது. மண்ணெண்ணெயோ நாற்பது டிகிரிக்கு அக்கம்பக்கத்திலேயே தீப்பற்றும் அளவு ஆவி விடத் தொடங்கும். தொட்டியின் ஹீட்டர் அறுபது டிகிரிக்குச் சூடேற்றுகிறது. கேளா ஒலி ஓடும்போது ஹீட்டரை அணைத்திருந்தாலும் திரவம் தானாகவே சூடேறும். மேல்பரப்பிலிருந்து பொடித் துளிகளும் பறக்கும். தொட்டியின் உள்ளேயே மின் இணைப்பு, சுவிட்ச் எல்லாம் இருக்கின்றன. ஒரு பொறி போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து பக்கத்துக் கடை வரை போகும். பக்கத்துக் கடை தேநீர்க் கடையாக இருந்தால்? ஊதுபத்தி ஏற்றிவைத்த நம் மளிகைக் கடையாகவே இருந்தால்? நம் கடைவீதிகளில் பத்துக் கடைக்கு ஒரே கூரை. இது பட்டறைக்காரர் தலைவலி மட்டும் அல்ல. பக்கத்துப் பட்டறையில் தொட்டி வந்திருக்கிறது என்றால் ஒரு நடை போய் என்ன ஊற்றுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கழுவும் முறை

கெட்டிச் சேற்றையும் கட்டிக் கிரீசையும் முதலில் மரக்குச்சியாலோ பிரஷ்ஷாலோ எடுத்துவிட வேண்டும். தொட்டி சாக்கடை அல்ல. பாகத்தை முழுக்கப் பிரித்த பிறகே இறக்க வேண்டும். கார்புரேட்டரானால் ஜெட், புளோட், ஊசி, ரப்பர் ஓ-ரிங், டயாப்ரம் எல்லாவற்றையும் கழற்றி, ரப்பர் சாமான்களைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். ரப்பர் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், சூட்டில் உப்பியும் போகும்.

புதுத் தண்ணீர் ஊற்றியவுடன் பாகங்களைப் போடாமல், ஐந்து பத்து நிமிடம் வெறுமனே ஓட விட வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று வெளியேறினால்தான் குமிழுக்குப் பலம் வரும். சூடு ஐம்பது முதல் அறுபத்தைந்து டிகிரி போதும். கொதிநிலையை நெருங்க நெருங்கக் குமிழுக்குள் ஆவி நிறைந்து குத்து மெத்தென்று ஆகிவிடும். நன்றாகக் கொதிக்க வைத்தால் நன்றாகச் சுத்தமாகும் என்பது இங்கே செல்லாது.

பாகத்தைத் தொட்டியின் அடியில் நேராக வைக்கக் கூடாது. கம்பிக் கூடையில் வைத்தே இறக்க வேண்டும். அடியில் வைத்தால் தகடும் தேயும், பாகமும் தேயும். குழிவான பாகத்தைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும், அந்த இடம் அப்படியே அழுக்காக நிற்கும். எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவுகையில் நிமிர்த்தி வைப்பதுபோல் வைக்க வேண்டும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, திருப்பி வைத்து இன்னொரு ஐந்து பத்து நிமிடம். தண்ணீர் குறித்த கோட்டுக்குக் கீழே போனால் மெஷினை ஓட்டவே கூடாது, அடியில் ஒட்டிய கட்டிகள் போய்விடும். ஓடும்போது உள்ளே கையை விடக் கூடாது. மூடியை மூடி வைத்தால் சத்தமும் குறையும், சூடும் நிற்கும்.

வெளியே எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் அலசி, கம்ப்ரசர் காற்றால் எல்லாத் துளைகளையும் ஊதி உலர்த்த வேண்டும். எண்ணெய் முழுக்கப் போன இரும்பு, ஈரக் காற்று பட்டாலே துருப்பிடிக்கும். ஆகவே இரும்புச் சாமானுக்கு உடனே மெல்லிய எண்ணெய் தடவிவிட வேண்டும். தம்பி மகன் இதை மறந்து ஒரு கியர் செட்டை ராத்திரி முழுக்க அப்படியே வைத்துவிட்டான். காலையில் கியர் செம்மண் நிறத்தில் இருந்தது.

நம் ஊர்களில் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு வேலை செய்யாது, தொட்டியில் வெள்ளைப் படலம் கட்டும். கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றுவது லாபம்.

எல்லா அழுக்கையும் இது எடுத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பழைய பெட்ரோல் காய்ந்த பசை, என்ஜின் ஆயில் பிசுக்கு, தூசி ஆகியவை போகும். பிஸ்டன் தலையிலும் வால்விலும் வெந்து இறுகிய கரி லேசில் போகாது. ஊற வைத்துச் சுரண்டத்தான் வேண்டும். பெயின்ட் அடித்த பாகம், கறுப்பு மெருகிட்ட பாகம், மின்சுருள், இரு பக்கமும் மூடி போட்ட பேரிங் இவற்றைத் தொட்டியில் போடவே கூடாது.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு, புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. அதற்குக் கழுவும் மெஷின் தனி. இன்ஜெக்டரின் முனை மட்டும் திரவத்தில் இருக்க, மின் இணைப்பு வழியாக அதைத் திறந்து மூடிக்கொண்டே கழுவும். சாதாரணத் தொட்டியில் இன்ஜெக்டரை முழுக்க அமுக்கினால் மின் இணைப்புக்குள் தண்ணீர் போய்விடும். ஆனாலும் சாலையில் ஓடும் பழைய வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், கார்புரேட்டர் கழுவும் வேலை இன்னும் பல வருடங்களுக்கு இருக்கும்.

மெஷின் வாங்க நினைப்போருக்கு

நம் சங்கத்தில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னை புதுப்பேட்டைபோல் பழைய பாகங்கள் வாங்கி விற்கும் இடங்களில், கழுவிய பாகத்துக்கும் கழுவாத பாகத்துக்கும் விலை வித்தியாசம் உண்டு. சிறு பட்டறைக்காரர்களுக்குக் கூலிக்குக் கழுவிக் கொடுக்கவும் செய்யலாம். அப்படி நினைப்போர் சில விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும்.

விற்பவர் சொல்லும் வாட் கணக்கில் ஹீட்டர் வாட்டும் சேர்ந்திருக்கும். கேளா ஒலிக்கு மட்டும் எத்தனை வாட் என்று தனியாகக் கேளுங்கள். லிட்டருக்குப் பத்து முதல் இருபத்தைந்து வாட் வரை இருக்க வேண்டும். பத்து லிட்டர் தொட்டியில் ஒலிக்கு அறுபது வாட்தான் என்றால் அது சுடுதண்ணீர் அண்டா.

கடையிலேயே சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போங்கள். தண்ணீர் நிரப்பி, முதலில் சில நிமிடம் வெறுமனே ஓட்டி, பிறகு அந்தத் தாளைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு நிமிடம் இறக்குங்கள். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் தாள் முழுக்க ஊசிக் குத்தும் சுருக்கமும் பரவலாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கிழிந்து, மற்ற இடம் புதுசாகவே இருந்தால் அடியில் ஒட்டிய கட்டிகளில் சில வேலை செய்யவில்லை என்று பொருள். விற்பவர் இந்தச் சோதனைக்குத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். அடியில் வடிகுழாய் இருக்கிறதா, எலக்ட்ரானிக் போர்டு கெட்டால் உள்ளூரில் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வடிகுழாய் இல்லாத தொட்டியைத் தினமும் கவிழ்த்துக் கொட்டுவதற்குள் இடுப்பு போய்விடும்.

மின்சாரச் செலவைப் பலரும் பெரிதாக நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லிட்டர் தண்ணீரை முப்பது டிகிரியிலிருந்து அறுபது டிகிரிக்குச் சூடேற்ற ஏறக்குறைய 0.35 யூனிட். ஹீட்டர் 500 வாட் என்றால் முக்கால் மணி நேரம் ஆகும். ஒலிக்கு 240 வாட் என்று வைத்துக்கொண்டு, நாளுக்கு எட்டு முறை, முறைக்குக் கால் மணி நேரம் ஓட்டினால் 0.48 யூனிட். சூட்டை நிலைநிறுத்தும் செலவையும் சேர்த்தால் நாளுக்கு ஒன்றிரண்டு யூனிட்டில் முடிந்துவிடும். உண்மையான செலவு மெஷின் முதலும், திரவத்தின் விலையும், ஆள் நேரமும்தான். உங்கள் பட்டறைப் பையன் ஒரு கார்புரேட்டருக்கு அரைமணி நேரம் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருக்கிறான் என்றால், அந்த நேரத்தில் அவன் வேறு வேலை பார்க்க முடியும். நாளுக்கு ஒரு வண்டிதான் வருகிறது என்றால் மெஷின் வாங்கி அலங்காரமாக வைக்க வேண்டாம்.

கழுவிய தண்ணீர்

ராத்திரி ஆறவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், மண் அடியில் தங்கும். மேல் எண்ணெயைக் கரண்டியாலோ பழைய துணியாலோ எடுத்துவிட்டால் நடுத்தண்ணீரை இன்னும் சில நாள் பயன்படுத்தலாம். எடுத்த எண்ணெயைக் கழிவு ஆயில் டப்பாவோடு சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு. கடைவீதிச் சாக்கடையில் ஊற்றினால் அது அடுத்த மழைக்கு நம் கடை வாசற்படிக்கே வரும்.

கேள்விகள்

இந்த விஷயத்தை உறுப்பினர்கள் சிலரோடு பேசியபோது அவர்கள் கேட்டவற்றில் சில.

நகைக்கடையிலும் கண்ணாடிக் கடையிலும் சின்னத் தொட்டி இருக்கிறதே, அதில் ஜெட்டைப் போட்டு எடுக்கலாமா? போடலாம், சுத்தமாகும். ஆனால் என்ஜின் எண்ணெய் பட்ட தொட்டியில் பிறகு வாடிக்கையாளர் நகையைப் போடாதீர்கள். நகைக்கடை நண்பர்களுக்கு இன்னொன்று: முத்து, பவழம், மரகதம், ஓபல் பதித்த நகைகளை இந்தத் தொட்டியில் போடக் கூடாது. கல் கெடும்.

மாவு மில் பேரிங்கைக் கழுவலாமா? இரு பக்கமும் திறந்த பேரிங்கானால் கழுவலாம். அலசி, நன்றாக உலர்த்தி, உடனே புது கிரீஸ் வைக்க வேண்டும். காற்றால் ஊதும்போது வேடிக்கைக்காகப் பேரிங்கைச் சுழல விடாதீர்கள், எண்ணெய் இல்லாமல் சுழன்றால் உருளை தேயும், தெறித்தாலும் தெறிக்கும். மூடி போட்ட பேரிங் என்றால் உள்ளே ஆலையில் வைத்த கிரீஸ் கரைந்து போய்விடும், வேண்டாம்.

பாலிதீன் பையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, பாகத்தை அதில் போட்டுக் கட்டி, தொட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் செலவு குறையுமே? சோப்புத் திரவத்தைப் பையிலோ கண்ணாடி ஜாடியிலோ ஊற்றி அப்படிச் செய்யலாம். திரவம் மிச்சமாகும், ஒலி பைக்குள்ளும் போகும். மண்ணெண்ணெயை மட்டும் வேண்டாம். பை ஓட்டையானால் எல்லாம் வெந்நீரில் மிதக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும்போது அதே தொட்டியில் கடையின் எண்ணெய் அளக்கும் படியைக் கழுவலாமா? கூடாது. என்ஜின் ஆயில் பட்ட தொட்டியில் உணவுப் பொருள் படும் எதையும் போடக் கூடாது, எவ்வளவு அலசினாலும் சரி.

எடைக்கற்களைப் போட்டு எடுக்கலாமா? எண்ணெயும் தூசியும் படிந்து எடை கூடியிருக்கும் என்று ஒருவர் கேட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் இரும்புக் கல்லின் அடியில் ஈயத்தில் முத்திரை குத்தியிருப்பார்கள். அந்த ஈயம் ஆட்டம் கண்டாலோ, மேலே உள்ள பூச்சு உரிந்தாலோ எடைக்கல் முத்திரையாளரிடம் மறுபடி கொண்டுபோக வேண்டியதுதான். உலர்ந்த துணியால் அவ்வப்போது துடைத்து வைத்தால் போதும்.